வரிசை கலையாமல்

அக்கா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உன் மகள் சிவப்ரியாவை நான் பழக்கும் பள்ளி பேண்டில் சேர்த்து, சைடு டிரம் பழக்கச் சொல்லி, நீ இருக்கும் போலகத்திலிருந்து ஆள் அனுப்பினாய். மறுக்க முடியவில்லை. நாம் படித்த பள்ளி பேண்டில், மூத்த வகுப்பு அக்காவாக எனக்குப் பழக்கியவளே நீதானே. டிரம் கிடைக்காத நாட்களில் வகுப்பு பெஞ்சில் என் மணிக்கட்டைப் பிடித்து அடிக்க வைப்பாய். பேண்ட் மாஸ்டர் குஞ்சிதபாதம் நம் எல்லோருக்கும் சொன்னதை நீ எனக்குத் தினமும் சொல்வாய்: "குச்சி விழுந்தா குனியக் கூடாதுடி. வெறுங்கைய ஆட்டிக்கிட்டே போ. வரிசை கலையக் கூடாது."

சுதந்திர தின அணிவகுப்பில், கடற்கரைச் சாலை வெயிலில், உனக்கு முன்னால் போன நான் தலை சுற்றி விழுந்தேன். அக்கா என்று கூப்பிட்டது உனக்குக் கேட்டது. ஒரு அடிகூடப் பிசகாமல் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டினாய். உனக்குப் பின்னால் வந்தவர்களும் தாண்டினார்கள். என்னைத் தூக்கியது வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒரு அம்மா.

மறுநாள் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் உன் தோளைத் தட்டினார். "இவதான் டிரம்மர்." நீ சிரித்தாய். அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன்.

நேற்று ஒத்திகையில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தாள். சிவப்ரியா டிரம்மோடு குனிந்து அவளைத் தூக்கப் போனாள். வரிசை கலைந்தது.

"குனியக் கூடாதுடி!" என்று கத்திவிட்டேன்.

உன் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா மாதிரியே கத்துறீங்க டீச்சர்."

இப்படிக்கு,
நீ தாண்டிப் போனவள்