'பிடி' என்று சொல்லக்கூடாத வீடு

இன்று உங்கள் மஞ்சள் ஹெல்மெட்டை மேஸ்திரி சிவண்ணா தலையில் பார்த்தேன். கொடுத்தது நான்தான். ஆனாலும் அது அவருக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

பெங்களூர் ஹெப்பகோடியில் நம் வீடு எழும்ப ஆரம்பித்ததிலிருந்தே எனக்கு அந்த சைட்டின்மேல் பொறாமை. ஆபீஸ் விட்டால் நேரே அங்கேதான் போவீர்கள். சாரத்தில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "பெல்ட்ட மாட்டிக்கோ கண்ணு" என்பீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு தடவையாவது கண்ணு என்று கூப்பிட்டிருப்பீர்களா?

செங்கல் விழுந்த நாளை நான் மறக்கவில்லை. மாடிக்குக் கயிற்றில் செங்கல் கூடை ஏறிக்கொண்டிருந்தது. கயிறு நழுவுவதைப் பார்த்து மேலேயிருந்து "பிடி! பிடி!" என்று கத்தினீர்கள். கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் கன்னடக்காரர். அவர் பாஷையில் 'பிடி' என்றால் விட்டுவிடு. நல்ல பிள்ளையாக விட்டுவிட்டார். கூடை, சித்தாள் கங்கம்மாவுக்கும் காபி பிளாஸ்கோடு நின்ற எனக்கும் நடுவில் விழுந்து சிதறியது. ஓடி வந்தீர்கள். "பெட்டாயித்தா கங்கம்மா?" என்று, அடிபட்டதா எனக் கன்னடத்தில் கேட்டு, அவள் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தீர்கள். என்னிடம் மட்டும், "உன்ன யாரு இங்க வரச் சொன்னது? போ வீட்டுக்கு!" என்று எரிந்து விழுந்தீர்கள்.

மறுநாள் முதல் சைட்டில் யாரும் 'பிடி' என்று சொல்லக்கூடாது, 'ஹிடி' என்றுதான் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டீர்கள். கன்னடத்தில் அதுதான் பிடித்துக்கொள். மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகும் அவர்கள் அதை மீறவில்லை. உங்கள் அக்கறையை எல்லாம் அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள், எனக்கென்று எதுவும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று ஏதோ நினைப்பில் சாரத்துக்கு அடியில் போய் நின்றுவிட்டேன். சிவண்ணா பதறி ஓடிவந்தார்.

"அக்கா, இங்க நிக்க வேண்டா, தள்ளி வாங்க! அன்னைக்கு செங்கல் விழுந்துச்சே, நீங்க போனப்புறம் அண்ணா உக்காந்து அழுதுட்டாரு. 'அவளுக்கு ஒண்ணு ஆயிருந்தா எனக்கு இந்த வீடு எதுக்கு சிவண்ணா'ன்னாரு."

அதையும் அவரிடம்தானே சொன்னீர்கள்! வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், கோபமும் அடங்கவில்லை.

சாயங்காலம் நாற்காலிமேல் ஏறி, பரணிலிருந்து பெரிய குக்கரை எடுத்து நம் மகளிடம் இறக்கினேன். "ஹிடி" என்றேன்.

"நமக்குள்ள எதுக்கும்மா கன்னடம்? பிடின்னா எனக்குப் புரியாதா?" என்று சிரித்தாள்.

புரியும்தான். ஆனாலும் உங்களுடைய அந்த ஒரு சொல்லையும் அவர்களுக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.