பிழையாகப் பூட்டிய அறையைத் திறக்க வேண்டாம்

அனுப்புநர்:
கறை நீக்கும் பணியாளர்,
உலர்சலவைக் கடை (பின்னறை தங்கள் துறையால் தவறுதலாகப் பூட்டப்பட்டது),
பேக்கரிக்கு அடுத்த கதவு.

பெறுநர்:
நகர சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் கடையின் பின்னறையைத் தவறுதலாகப் பூட்டி முத்திரையிட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – அத்தவறைத் திருத்தும் பொருட்டு வரும் புதன்கிழமை அறையைத் திறப்பதை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் எங்கள் முதலாளிக்கு அனுப்பிய, வருத்தம் தெரிவிக்கும் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அரசு அலுவலகத்துக்கு நன்றி தெரிவிக்கும் மனுவுக்கு மாதிரி ஏதும் உண்டா என்று விசாரித்தேன். அப்படி ஒன்றுக்கு இதுவரை தேவை ஏற்படவில்லை என்றார்கள். ஆகவே புகார் மனுவின் வடிவத்திலேயே இதை எழுதுகிறேன். புகார் தென்படாத இடங்களில் நன்றி என்று படித்துக்கொள்ளக் கோருகிறேன்.

2. சென்ற ஆண்டு, எங்கள் பக்கத்து பேக்கரியின் கேக்கில் மருந்து வாடை அடிப்பதாக ஒருவர் தங்களிடம் புகார் செய்தார். தங்கள் ஊழியர்கள் பின்சந்து வழியாக வந்தார்கள். அங்கே இரண்டு சாம்பல் நிறக் கதவுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன; பெயர்ப் பலகை கிடையாது. பேக்கரியின் கதவு, எங்கள் அறையின் வாடை வராமலிருக்கச் சாத்தியிருந்தது. எங்கள் கதவு, அதே வாடை வெளியே போகட்டும் என்று திறந்திருந்தது. வந்தவர்கள் திறந்த கதவு வழியாக நுழைந்தார்கள். வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த ஆளுயர இயந்திரத்தைப் பார்த்து ஒருவர், "இவ்ளோ பெரிய ஓவனா!" என்று வியந்தார். அதை இயக்கும் மிஷின் அண்ணன், "இதுல கோட்டுதான் சார் வேகும்" என்றார். இது நக்கலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்னொருவர் மூக்கை உறிஞ்சி, "வாடை இங்கேருந்துதான் சார் வருது" என்றார். அறை அக்கணமே பூட்டப்பட்டது. வெளியே போயிருந்த முதலாளி திரும்பி வந்தபோது பூட்டின் மேல் அரக்கு காய்ந்திருந்தது. வாடையின் பிறப்பிடத்தை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தவறியது முகவரி மட்டுமே.

3. பூட்டப்பட்ட அறையைப் பற்றிச் சில விவரங்கள். உலர்சலவையில் துணி தண்ணீரைத் தொடுவதில்லை. பெர்க்குளோரோஎத்திலீன் என்ற திரவத்தில் அது புரட்டி எடுக்கப்படுகிறது. பீப்பாயின் மேல் எழுதியிருப்பதால் இப்பெயர் எனக்குத் தெரியும். கடையில் நாங்கள் அதை 'மருந்து' என்போம். துணியை உலர்த்தும்போது அந்த ஆவியை இயந்திரமே உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் ஆகும். நேரம் ஆவது முதலாளிக்கு ஒத்துக்கொள்ளாது. கூட்டமான நாட்களில் "போதும், திற, திற" என்பார். கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடிக்கும். கண் கரிக்கும், தலை லேசாகச் சுற்றும். நாங்கள் அதை வேலையின் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதே அறையில் அடுத்தது என் மேஜை. கறை போகாத இடத்தில் அதே மருந்தைப் பீச்சித் தூரிகையால் தேய்ப்பேன். பிறகு ஒவ்வொரு துணியின் அக்குளையும் கழுத்துப்பட்டியையும் மூக்கருகே வைத்து முகர்வேன். வாடை மிச்சமிருந்தால் மறுபடி தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் உறையில் போடலாம். எங்கள் கடையின் தரக்கட்டுப்பாட்டுக் கருவி என் மூக்கு. நாளடைவில் அக்கருவிக்கு எந்த வாடையும் தெரியாமல் போயிற்று. அதனால் எல்லாத் துணிகளும் தேறின.

4. எனக்குத் திருமணமான பின் மூன்று முறை கரு உண்டாகி, மூன்றும் ஆரம்ப மாதங்களிலேயே கலைந்தன. மனுவில் எழுதும்போது இது ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. காரணம் கண்டறியும் பொறுப்பைக் குடும்பத்தினர் ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டார்கள். "ராத்திரி செல்போன் பாக்கறத விடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "ஊரான் துணிக் கறையெல்லாம் எடுக்கறா, ஒண்ணத் தங்க வைக்கத் தெரியல" என்று மாமியார் பாத்திரங்களிடம் சொன்னார். அதே கடையில் இஸ்திரி போடும் என் கணவர், மூன்று முறையும் என் பங்குத் துணிகளையும் சேர்த்து மடித்து வைத்தார். மருத்துவர்கள் நான் என்ன சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன், யாரைக் கட்டியிருக்கிறேன் என்றெல்லாம் கேட்டார்கள். என்ன வேலை செய்கிறேன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

5. இந்நிலையில்தான் தாங்கள் பூட்டினீர்கள். முதலாளி கொஞ்ச நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு வேறு வழியில்லாமல், மெதுவாகச் சுழலும் துவைப்பு இயந்திரம் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்து, கோட்டுகளைத் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் நனைக்கத் துணிந்தார். அவற்றை இழுத்து, ஆவி காட்டி, பழைய உருவத்துக்குக் கொண்டுவரும் வேலை என் கணவருக்கு வந்தது. "நனைஞ்ச கோட்ட நிமித்தறதுக்கு நான்தான் கெடச்சேனா?" என்று முணுமுணுத்தவர், இப்போது அதில் வல்லவர். ஒரே ஒரு கோட்டு மட்டும் சுருங்கியது. அது ஒரு வங்கி மேலாளருடையது. இப்போது அவர் மகனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. மேலாளரின் நன்றியை இம்மனுவில் சேர்க்க இயலவில்லை.

எனக்குத் தலைவலி நின்றது. எப்போது வரும் என்றே தெரியாமலிருந்த மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. சில மாதங்களில் அதுவும் நின்றது; நான் கருவுற்றிருந்தேன். இப்போது ஐந்தாம் மாதம். என் வயிற்றில் இதற்கு முன் யாரும் எட்டிப் பார்க்காத மாதம் இது. முன்பு பாத்திரங்களிடம் பேசிய மாமியார் இப்போது நேரடியாக என்னிடமே பேசுகிறார்: "சீல் வச்ச புண்ணியவான் யாரோ, அவன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்." தங்களுக்குரிய இவ்வாழ்த்தை இத்துடன் சேர்ப்பிக்கிறேன். பேக்கரியின் கேக்கில் இப்போது கேக் வாடை மட்டுமே அடிக்கிறது என்பதும் தங்கள் கவனத்துக்கு.

6. இம்முறை பார்த்த பெண் மருத்துவர்தான் முதன்முதலாக, "என்ன வேலம்மா பாக்கறே?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஹார்மோன் என்பது உடம்புக்குள் போகும் சுற்றறிக்கை மாதிரி என்று விளக்கினார். மிகச் சிறிய அளவில் புறப்படும். உரிய நேரத்தில் உரிய உறுப்பைச் சேரும். சேர்ந்ததும் வேலை நடக்கும். (அலுவலகத்தில் பணியாற்றும் தங்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கலாம்.) சில ரசாயனங்கள் நடுவில் புகுந்து அந்தத் தபாலைக் குழப்பிவிடும்; கரு தங்குவதற்கான உத்தரவு போக வேண்டிய நேரத்தில் போகாது. இந்தத் திரவம் மூச்சோடு போய்க் கொழுப்பில் தங்கும் என்றும், இப்படிப்பட்ட கடைகளில் வேலை செய்யும் பெண்களிடம் மாதவிலக்குக் கோளாறும் கருச்சிதைவும் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருப்பதாகவும் சொன்னார். "அப்போ என் மூணும் இதனாலதானா?" என்று கேட்டேன். "இதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சே எதுக்குத் திரும்ப அதுக்குள்ள போகணும்?" என்றார்.

7. மிஷின் அண்ணனுக்கு நெடுநாளாகச் சிறுநீரில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. "சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று மோர் குடித்துச் சமாளித்துவந்தார். அறை பூட்டப்பட்டு வேலையில்லாமல் போனதால்தான், பொழுது போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி. ஆரம்பத்திலேயே கண்டதால் எடுத்துவிட்டார்கள். பல்லாண்டு இந்த மருந்தோடு புழங்கியவர்களுக்கு அந்த இடத்தில் அது வரும் வாய்ப்பு அதிகம் என்பது அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. இப்போது முன்னறையில் ரசீது போட்டுக் கொடுக்கிறார். அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. தங்கள் கடிதம் வந்த அன்று அவர் என்னிடம், "தொறந்தா என்னத்தானே கூப்பிடுவாங்க, பாப்பா?" என்று மட்டும் கேட்டார். வேடிக்கையாகப் பேசும் மனிதர். அதில் வேடிக்கை இல்லை.

8. பார்வையில் கண்ட கடிதத்தில், பேக்கரிக்கான உத்தரவைக் கொண்டு எங்கள் அறை பூட்டப்பட்டுவிட்டது என்றும், அது புதன்கிழமை திறக்கப்படும் என்றும், தங்கள் துறை வருந்துகிறது என்றும், எங்கள் கடையில் 'குறை ஏதும் கண்டறியப்படவில்லை' என்றும் உள்ளது. யாரும் தேடவில்லை என்பதால் இது முற்றிலும் உண்மை. ஆனால் முதலாளி அக்கடிதத்தைச் சட்டமிட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டார். "கவர்மென்ட்டே குறை இல்லன்னு எழுதிக் குடுத்திருச்சு. பீப்பா வேற அப்படியே கெடக்கு. புதன்கிழமையிலேருந்து பழையபடி ஓட்டலாம்" என்கிறார். கெட்டவர் அல்ல. அதே காற்றைத்தான் அவரும் சுவாசித்தார். எழுத்தில் இருப்பதை நம்புகிறவர், அவ்வளவே. நான் வேலையை விட்டுவிடலாமே என்று தாங்கள் கருதலாம். விட்டால் என் மேஜைக்கு இன்னொரு பெண் வருவாள். அவளுக்கும் மூக்கு இருக்கும்.

9. ஆகவே தாழ்மையுடன் கோருவது: தவறுதலாகச் செய்ததைத் தாங்கள் இம்முறை வேண்டுமென்றே செய்ய வேண்டும். அறை பூட்டியபடியே இருக்கட்டும். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கத் தெரிந்தவர்களை அனுப்பி அளந்த பிறகு, குறை உண்டா இல்லையா என்று எழுதுங்கள். பீப்பாயை முறைப்படி அப்புறப்படுத்த உத்தரவிடுங்கள். இந்நகரில் இதே மருந்தைப் புழங்கும் மற்றக் கடைகளுக்கும் தங்கள் ஊழியர்கள் வழி தவறிப் போவார்களானால் பலர் பயனடைவர். அந்தக் கடைகளில் ஒன்றிலிருந்து தங்கள் கோட்டும் வரக்கூடும். அப்படி வந்தால் உறையைக் கழற்றி, படுக்கையறையில் மாட்டாமல், வெளிக்காற்றில் தொங்கவிட வேண்டுகிறேன். இது மிரட்டல் அல்ல, அக்கறை.

10. திருத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், புதன்கிழமை காலை நாங்கள் பின்சந்தில், அந்தக் கதவின் முன்னால் இருப்போம். நான், என் கணவர், மாமியார், மிஷின் அண்ணன், பேக்கரிக்காரர். எனக்கு நாற்காலி ஒன்று போடப்படும். நெடுநேரம் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சந்து குறுகலானது என்பதால் கதவை அடைவது சற்றுச் சிரமமாக இருக்கலாம். இதைப் போராட்டம் என்று யாரும் தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். இது நன்றி தெரிவிக்கும் கூட்டம். இதற்கு முன்அனுமதி தேவையா என்பதைப் புதன்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

தாங்கள் செய்த பிழையால் நலமாக இருக்கும்,

(கையொப்பம்)
கறை நீக்கும் பணியாளர்

இடம்: கடையின் முன்னறை
நாள்: வெள்ளிக்கிழமை

இணைப்பு:
1. அறையைப் பூட்டிய உத்தரவின் நகல்.
2. அது பிழை என்று தெரிவிக்கும் கடிதத்தின் நகல்.
3. என் ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையின் நகல். இதில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை என்று மருத்துவர் கூறினார்.