ஓராண்டுக்கு ஏற்ற நோய்

சியோல், பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? துறைமுகக் குளிரில் நிற்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். இப்போது அதுவே தொல்லையாகிவிட்டது.

கடற்புல் ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் தந்த மானியம் இம்மாதத்தோடு முடிகிறது. ஆய்வு பாதியில் நிற்கிறது. இன்னும் ஓராண்டு கேட்டு விண்ணப்பம் எழுதி, பேராசிரியர் பியோவிடம் கையெழுத்துக்குப் போனேன். தாமதத்துக்கான காரணத்தை மட்டும் எழுதவில்லை. அவர் மகளின் கல்யாண வேலையும் அவர் பெயரில் வரப்போகும் புத்தகத்தை நான் எழுதியதும்தான் காரணம் என்று எழுத முடியுமா?

"உடம்பு சரியில்லன்னு போடும்மா. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே, சார்."

"உங்க ஊர் டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்க மாட்டியா? அதுக்கும் நானே அலையணுமா?"

ஆகவே நம் தெரு டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய நோய் வேண்டாம். ஓராண்டு வேலையைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தால் போதும். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

கிம்ச்சி ஊறுகாய் போட நவம்பரில் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே. அன்று பேராசிரியர் வீட்டு முட்டைக்கோஸுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். உங்களைப் போலவே சிப்பி சேர்த்தேன். "அடடா, யார் கைப்பக்குவம் இது?" என்று அவர் மனைவி பாராட்டினார். ஆனால் கிளம்பும்போது ஒரு டப்பாகூடக் கொடுத்தனுப்பவில்லை.

சான்றிதழோடு நம் வீட்டுக் கிம்ச்சியும் கொஞ்சம் அனுப்புங்கள். பேராசிரியர் தன் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் நோயாளி மகள்,
தா-உன்