காற்றில் ஆடிய தேயிலை

இன்று காலை நீல விரிப்பை மறுபடி ஆணியில் மாட்டினேன். துவைத்தும் டிஸ்பென்சரி லோஷன் வாடை போகவில்லை. ஒரு குழந்தைக்கு மூச்சிரைப்பு; வீடியோ எடுத்து அடிமாலி டாக்டருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான்.

இந்த விரிப்பு உன் யோசனை. நீ நர்ஸ், நான் மருந்து எடுத்துக் கொடுப்பவள். நம் எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பதே பெரிய காரியம். முதலில் பிள்ளைகளை வாசலில் நிறுத்தித்தான் எடுத்தோம். எவ்வளவு சுருக்கி அனுப்பினாலும் முகம் கட்டம் கட்டமாகத்தான் போகும். "ஒன்னும் காணுன்னில்லல்லோ", ஒன்றும் தெரியவில்லையே என்று டாக்டர் மலையாளத்தில் சலித்துக்கொள்வார். அசையாததைப் போன் ஒரு தடவை அனுப்பிவிட்டு விட்டுவிடுகிறது, அசைவதைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறது என்று நீதான் கண்டுபிடித்தாய்.

"ஏட்டி, காத்துல ஆடுற தேயிலையத்தான் நாம அவருக்கு அனுப்பிக்கிட்டு இருக்கோம். பிள்ளைக்கு மிச்சம் ஒண்ணுமில்ல" என்றாய். அன்றே கட்டிலிலிருந்து விரிப்பை உருவிப் பிள்ளைக்குப் பின்னால் கட்டினாய். அதற்குப் பிறகு நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது அவருக்குத் தெரிந்தது.

சுருக்கும்போது குரலில் மட்டும் கைவைக்க விடமாட்டாய். "படம் போனாப் போவுது. இருமல் கேக்கணும்." சுருக்கியது போய்ச் சேர்ந்ததும் அசலை அழித்துவிடுவோம். போனில் இடம் வேண்டுமே.

நீ நோயில் விழுந்து எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் உன் வீட்டிலேயே கிடந்தபோது ஒருநாள் காலை எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். சிக்னலுக்காக வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாய். பின்னால் முழுக்கத் தேயிலை, நல்ல காற்று. உன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள். விரிப்பை உனக்கே மறந்துபோச்சா என்று சாயங்காலம் நேரில் போய்த் திட்டலாம் என்றிருந்தேன். மத்தியானமே ஆள் வந்து நீ போய்விட்டாய் என்று சொல்லிவிட்டார்.

காரியம் முடிந்து உன் வீட்டில் இருந்தபோது உன் வீட்டுக்காரர் உன் போனைக் கொண்டுவந்து தந்தார். "அசலு இதுல கெடக்கும், பாரும்மா." தேடினேன். அனுப்பிய கையோடு அழித்திருந்தாய், நம் வழக்கப்படி. இல்லை என்றேன். சரி என்று டீ போடப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

விரிப்புக்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகள் நின்றார்கள். நாம் ஒரு தடவைகூட நின்றதில்லை.

அந்த வீடியோவை வைத்திருக்கிறேன். குரல் மட்டும் சுத்தமாக இருக்கிறது. "ஏட்டி, நான் தெரியுறேனா?" என்று கேட்கிறாய்.

தெரியலட்டி. கேக்குது.