முதல் மாத்திரைக்கு முன்னால்

அன்புள்ள என்னங்க,

நான் நலம். நீங்களும் அத்தையும் உங்கள் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு.

மேலே 'என்னங்க' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். பேரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தால் கை கூசுகிறது. நாடு விட்டு நாடு வந்து தனியாகச் சம்பாதிக்கிறவளுக்கு இதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். அது அப்படித்தான்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்றும் நினைப்பீர்கள். நம் வீட்டில் இருப்பது போனா? ரேடியோ. நடு ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அத்தையும் தங்கச்சியும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வேறு நடுவில் புகுந்து, இங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார்கள். நீங்களோ எல்லோரும் பேசி முடித்தபின் "சாப்பிட்டியா, வச்சிடவா" என்கிறீர்கள். என் பக்கமும் அதே கதைதான். அறையில் நான்கு பேர், கட்டிலுக்குக் கட்டில் நடுவே ஒரு திரை. அதனால்தான் உங்கள் மோட்டார் ரிப்பேர்க் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் மேஜையில் வைத்துப் பிரிக்காமல், கை கழுவிவிட்டு ஓரமாகப் போய்ப் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன லீவு முடிந்து நான் திரும்பியதும் நாள் தள்ளிப்போய் நாம் இரண்டு பேரும் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. அதனால் இந்தத் தடவை லீவுக்குக் கிளம்பும் முன்பே, பிள்ளை நிற்காமலிருக்க அந்த மாத்திரைக்கு இங்கேயே ஏற்பாடு செய்துகொள் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஊரில் நீங்கள் வாங்கித் தருவீர்கள் என்று நான் நம்பவும் இல்லை. கல்யாணமான புதிதில் அதற்காகத்தான் மெடிக்கலுக்கு அனுப்பினேன். கடைக்காரர் உங்களோடு படித்தவர் என்று இருமல் மருந்தோடு வந்து நின்றீர்கள். இருமலே இல்லாத அத்தை அதைத் தீரும்வரை குடித்தார்கள்.

ஆனால் இங்கே நிலைமை வேறு. நம் ஊர் மாதிரி கவுன்டரில் மெதுவாகச் சொன்னால் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை கிடையாது. டாக்டரையும் நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. காலையில் கிளினிக் திறந்ததும் போன் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். நமக்கு லைன் கிடைப்பதற்குள் அன்றைய இடமெல்லாம் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில்தானே வேலை, வைத்தியத்துக்கு என்ன குறை என்று அத்தை சொல்கிறார்களே, நான் இருப்பது கீழ்த்தளத்துச் சலவைக்கூடம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். மாடியில் இருக்கிற டாக்டர்களின் அங்கிதான் எங்களிடம் வரும். டாக்டர்கள் வரமாட்டார்கள்.

ஒருவழியாகப் பதிவு கிடைத்துப் போன வாரம் போனேன். எனக்கு இந்த ஊர்ப் பேச்சு கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான் தெரியும் என்பதால், அறைத்தோழி டீச்சரைத் துணைக்கு அழைத்துப் போனேன். ஊரில் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், நன்றாகப் பேசுவாள். என்ன, எல்லோரிடமும் பேசுவாள். அவளிடம் கடைசிவரை உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். டாக்டர் அறைக்குள் போனதும் எப்படியாவது அவளை வெளியே அனுப்பிவிட்டு, மாத்திரையை மட்டும் தெரிந்த பேச்சில் நானே கேட்டுவிடலாம் என்று என் கணக்கு.

அங்கே போனால், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன விஷயமாக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கேட்கிறாள். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் கரண்டி நிற்கிறான். எங்கள் விடுதிச் சமையற்காரன், நம் ஆள்தான். மூன்று வேளையும் அவன் கையால்தான் சாப்பாடு. பரிமாறுகிற ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு செய்தி சொல்லுவான், அதனால் அந்தப் பேர். புருஷனை ஊரில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இங்கே எதற்கு அந்த மாத்திரை என்று அவன் கேட்க ஆரம்பித்தால் நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன். வயிற்று வலி என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். டீச்சரோ நகர்வதாக இல்லை, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வயிற்றை அழுத்தி இங்கே வலிக்கிறதா என்றால் ஆமாம் என்றேன். அங்கே? ஆமாம். ஒரு இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம், எது சரியான இடம் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்தாள், சிறுநீர் கேட்டாள், ஸ்கேனுக்கு எழுதிவிட்டாள். மாத்திரை வாங்கப் போனவள் நோயாளியாகத் திரும்பி வந்தேன். அன்று சாயங்காலமே கரண்டி எனக்கு மட்டும் காரம் போடாமல் தனியாக வைத்துக் கொடுத்தான். பாவம், மனசு நல்ல மனசுதான்.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்து, அன்றே டாக்டரையும் பார்க்க வேண்டும். அப்போது எப்பாடு பட்டாவது கேட்டுவிடுவேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. என்னை இப்போது மடிக்கிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். பிரசவ வார்டுத் துணி முழுக்க என் கையில்தான் வருகிறது. குழந்தையைச் சுற்றுகிற துணி எவ்வளவு சின்னதாக இருக்கிறது தெரியுமா? உலர்த்தும் எந்திரத்திலிருந்து எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். மேஸ்திரியம்மா பார்க்காதபோது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பேன். அவள் பார்த்துவிட்டால் வேலையில் வேகம் போதாது என்பாள்.

உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. காயில் வார்னிஷ் வாசனையோடு நீங்கள் வந்து படுத்தால் தலைவலிக்கிறது என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேனே, எனக்குத் திமிர்தான். இப்போது அந்த வாசனைக்காக ஏங்குகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்,
நான்தான்.

*

அன்புள்ள என்னங்க,

உங்கள் பதில் கிடைத்தது. வயிற்று வலி பொய் என்று அவ்வளவு விலாவாரியாக எழுதியும், நிஜமாகவே வலி இல்லையே என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. வலி இல்லை. சத்தியமாக இல்லை.

ஆனால் ஸ்கேனில் ஒன்று தெரிந்திருக்கிறது. பயப்படாமல் மேலே படியுங்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிறதாம். புற்று மாதிரி எதுவும் இல்லை, உயிருக்கு ஒன்றும் இல்லை, நிறையப் பெண்களுக்கு இருப்பதுதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டாள். பொய்யாகச் சொன்ன வலியால்தான் இது வெளியே வந்தது. இல்லையென்றால் வளர்ந்தபிறகுதான் தெரிந்திருக்குமாம்.

அன்றைக்கு டீச்சருக்கு வேலை மாற்றி வந்துவிட்டதால் தனியாகத்தான் போனேன். டாக்டர் சொல்வது புரியாமல் நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, அவள் மேஜைப் போனில் ஏதோ எண்ணை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து "வணக்கம் அக்கா, டாக்டர் சொல்றத நான் தமிழ்ல சொல்றேன், நீங்க பயப்படாம பேசுங்க" என்று ஒரு பெண் குரல் வந்தது. இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்களாம். எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறாளோ, யார் பெற்ற பிள்ளையோ. என்னை அறியாமல் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வந்த நாளிலிருந்து என் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் தமிழில் பேச எனக்கு ஆள் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் முகம் தெரியாதவள் என்ற தைரியத்தில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வலி இல்லை, மாத்திரைக்காகத்தான் வந்தேன், வரிசையில் சமையற்காரன் நின்றதால் பொய் சொன்னேன் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் அடக்கவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ரத்த அழுத்தம் பார்த்தாள், தலைவலி வருமா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைகிற நோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளும், தாராளமாகச் சாப்பிடலாம் என்று சீட்டு எழுதினாள். எழுதிய சீட்டைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள்.

இந்தக் கட்டி இப்போது சின்னது, ஆனால் இருக்கிற இடம் சரியில்லை. வளர்ந்தால் ஆபரேஷன் வரை போகலாம், குழந்தை தங்குவதும் சிரமமாகலாம். எனக்கும் வயது முப்பத்தைந்தாகப் போகிறது. குழந்தை வேண்டாம் என்றால் கவலையே இல்லை. வேண்டும் என்றால் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம். இவ்வளவுதான் டாக்டர் சொன்னது. பிறகு அந்தப் பெண், "அக்கா, உங்களுக்குக் குழந்தை வேணுமான்னு டாக்டர் கேக்குறாங்க" என்றாள்.

அத்தை கேட்டிருக்கிறார்கள். உங்கள் சொந்தம், என் சொந்தம், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏன் இன்னும் இல்லை என்றுதான் கேட்டார்கள். உனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் ஏதோ கேட்டாள். அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் என்னிடம் "நிதானமா சொல்லுங்கக்கா, நான் லைன்லயேதான் இருக்கேன்" என்றாள்.

நாம் பேசிவைத்தது எனக்கு மறக்கவில்லை. தங்கச்சி கல்யாணம் முடிகிறவரை இன்னும் ஒரு கான்டிராக்ட் போட்டுவிடலாம், அப்புறம் நம் வாழ்க்கையைப் பார்க்கலாம் என்றீர்கள். நானும் சரி என்றேன். இங்கே விதிமுறை என்ன என்று உங்களுக்குத் தெரியும். லீவு முடிந்து வந்ததும் பரிசோதனை உண்டு. வயிற்றில் பிள்ளை என்றால் கான்டிராக்டைக் கிழித்துப் பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள். என் மேல்கட்டிலில் இருந்த நெட்டைக்காரியை அப்படித்தான் அனுப்பினார்கள். அவள் அழுதுகொண்டே போனாள் என்றுதான் விடுதி முழுக்கப் பேச்சு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நான். அவள் அழவில்லை. வண்டி கிளம்பும்போது என் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். நான் திரும்பி வந்து மீதி வேலையைப் பார்த்தேன்.

மாத்திரையை வாங்கிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் பேப்பரில் சுற்றாமல் அப்படியே நீட்டினார், நானும் கூசாமல் வாங்கிக்கொண்டேன். இப்போது என் கைப்பையில், உங்கள் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மாதம் தலைக்குக் குளிக்கிற அன்று முதல் மாத்திரையைப் போட வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்துவிடும். அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

உங்களைக் கட்டாயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. தங்கச்சி கல்யாணம் எனக்கும் முக்கியம்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் என்னை வழியனுப்பினாள். மாத்திரை போடு என்று நீங்கள் சொன்னால் போடுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன், வரும்போது சிரித்த முகத்தோடுதான் வருவேன். கட்டியைப் பற்றி அத்தையிடம் சொல்ல வேண்டாம். யாரிடமும் யோசனை கேட்கவும் வேண்டாம். கடையைச் சாத்திவிட்டு ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் மனசில் இருப்பதைக் கடிதமாக எழுத வேண்டாம், கடையிலிருந்தே எனக்குப் போன் போடுங்கள். உங்கள் குரலில் கேட்க வேண்டும்.

ஒன்றே ஒன்று. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பீர்களே, புடவை நிறத்திலிருந்து இந்த வெளிநாட்டு வேலை வரை, அதை மட்டும் இந்தத் தடவை சொல்லிவிடாதீர்கள். என் இஷ்டம் என்னவென்று முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவள் அதை டாக்டருக்குச் சொன்னபோது அவள் குரலும் கொஞ்சம் தடுமாறியது. இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லாமலே நீங்கள் அதைச் சொல்லிவிட மாட்டீர்களா என்று காத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் போனை எதிர்பார்த்து,
உங்களவள்.