பனியனில் தைத்த பெயர்

புதன், இரவு

காலையில் எழுந்ததும் மகள் நித்யாவின் ஓட்டப் பனியனில் பிய்ந்திருந்த பள்ளிப் பெயரைத் தைத்தேன். மதியம் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பயிற்சி முகாமுக்கு அவர்களே அனுப்பியதால் அவள் எழுதாத கணக்குத் தேர்வை மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்டேன். வாசல் பேனரில் போன வருடப் பதக்கத்தோடு அவள்தான் நிற்கிறாள்.

தலைமையாசிரியை சிரித்தார். "ஓடுற பொண்ணுக்குக் கணக்கு எதுக்கும்மா? கலெக்டராவா ஆகப் போறா?"

நான் கணிதப் பட்டதாரி. சொல்லவில்லை. நானும் சிரித்துவைத்தேன். அதுதான் எரிகிறது.

"மிஸ் இன்னாம்மா சொன்னாங்க?" என்றாள் நித்யா.

"பார்க்கலாம்னாங்க."

பக்கத்துப் பள்ளிகளெல்லாம் மோதும் குறுவட்டப் போட்டிக்கு முன்பே டி.சி. வாங்கி, அவளைச் சேக்காட்டுப் பள்ளியில் சேர்த்துவிடுவேன். அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், வேறு பெயர் தைத்த பனியனில் என் பெண் அவர்கள் பிள்ளைகளை முந்துவதை.