கொடி பிடிக்க நான்கு பேர் தேவை

மார்ச் 2, திங்கள்

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பரைப் பிடிக்கவே முடியவில்லை. காலையில் மாடிப்படியில் மாட்டினார். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாய் ஒரு நீலக் கொடி.

"தேர்தல் முடியட்டும் மேடம். முதல் வேலை உங்க குழாய்தான்."

"அதுக்குள்ள கீழ் வீட்டுக்காரங்க படகு வாங்கிடுவாங்க."

சிரித்தார், போய்விட்டார். ஊரில் இப்போது இரண்டே நிறம்தான், நீலமும் மஞ்சளும். எனக்கு இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. யாராவது ஆரம்பித்தால் "அப்படியா?" என்று சொல்லி வைப்பேன். பல் செட் செய்யும் கூடத்தில் பகல் முழுக்க மற்றவர்கள் வாய்க்கு அளவு பார்க்கிறேன். சாயங்காலம் வந்தால் சாப்பாட்டு மேசை, அட்டை, கத்தரிக்கோல், என் விளையாட்டு. அவ்வளவுதான் என் உலகம்.

இது ஐந்தாவது விளையாட்டு. பெயர் 'கொடி'. மொட்டைமாடியில் ஐந்து துணிக்கொடிகள், நான்கு வீடுகள். மழை வருவதற்குள் யார் அதிகத் துணியை உலர்த்தி எடுக்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். துணிக் கிளிப்புகளை நானே செய்துவிட்டேன். செயற்கை ஈறு செய்து மிஞ்சிய ரோஸ் நிறக் குழம்பு சும்மாதானே கிடந்தது!

மார்ச் 5, வியாழன்

நூலகத்தில் இந்த வருடமும் வீட்டில் செய்த விளையாட்டுகளின் கண்காட்சி. விண்ணப்பம் வாங்கி வந்தேன். புதிதாக ஒரு நிபந்தனை: விளையாட்டை முன்பே அறியாத, உறவினரல்லாத நான்கு பேர், விதிப்புத்தகத்தை மட்டும் படித்து, முடிவு வரை ஆடியிருக்க வேண்டும். உருவாக்கியவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. நான்கு கையெழுத்து. கடைசி நாள் 20.

ஒரு வார்த்தை பேசக்கூடாதாம். நானா!

போன வருடம் எனக்கு வந்த பதில் நினைவிருக்கிறது. "உருவாக்கியவர் பக்கத்தில் நின்று விளக்கினால் மட்டுமே புரிகிறது." உண்மைதான். ஆடுபவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் தொணதொணப்பேன். இந்த நிபந்தனை எனக்காகவே போட்டதோ என்னவோ.

ஆனால் மனசுக்குள் இருப்பது கண்காட்சி இல்லை. இங்கே எழுதினால் என்ன, யார் பார்க்கப்போகிறார்கள். பதினோரு வருடம், நான்கு விளையாட்டுகள். ஆடியவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள். "நல்லா இருக்கு" என்பார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரும் கேட்டதில்லை. அதை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும் எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்குத் தேர்தல் பணி வந்திருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாருக்கும் வருவதுதான். பயிற்சி முடிந்து தடியாய் ஒரு கையேட்டோடு வந்தார். ஆளே மாறிவிட்டார். சோற்றில் உப்பு குறைவு என்பதைக்கூட அறிக்கை மாதிரி சொல்கிறார்.

"யாராவது சந்தேகம் கேட்டா, கையேட்டுல அந்தப் பக்கத்தைக் காட்டணும். நம்ம சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது. அதான் முதல் பாடம்."

"அப்போ என் விதிப்புத்தகத்தையும் கொஞ்சம் பாருங்களேன்."

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். எட்டுப் பக்கத்தில் நாற்பத்தொரு இடத்தில் வட்டம். 'கொஞ்ச நேரம் கழித்து' என்று எழுதியிருந்தேன். "கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்? உன் கொஞ்ச நேரமா, என் கொஞ்ச நேரமா?" கோபமாக வந்தது. திருத்தினேன். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போக.

மார்ச் 9, திங்கள்

நான்கு பேருக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஊர்வலத்தில் இருக்கிறார்கள். அதனால் ஒரு நோட்டீஸ் எழுதினேன்.

'கொடி பிடிக்க நான்கு பேர் தேவை. அனுபவம் வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணி. இரண்டாம் மாடி, மூன்றாம் எண் வீடு.'

விதிப்புத்தகத்தில் முதல் பகுதியே 'கொடி பிடித்தல்' தானே. இடம் பிடிப்பது மாதிரி, ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொள்வது. சுருக்கமாக, அழகாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

கீழே ஜெராக்ஸ் அக்கா கடைக்குப் போனேன். இயந்திரம் மஞ்சள் மஞ்சளாய்க் கக்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கட்சியின் மகளிர் அணி. என் தாளை வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

"எந்தக் கொடிம்மா?"

"என் கொடிதான்க்கா. நானே உருவாக்கினது. மூணு வருஷ உழைப்பு."

"அப்போ தனியாவா?"

"தனியாத்தான். அவருக்கு இதுல அவ்வளவா ஈடுபாடு கிடையாது."

"ஓஹோ," என்றார். இருபது பிரதி எடுத்துத் தந்தார். வழக்கமாய் வாசல் வரைக்கும் வந்து ஊர்க்கதை பேசுபவர், இன்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உடம்பு சரியில்லை போல.

மார்ச் 11, புதன்

என் விளையாட்டுக்கு இவ்வளவு வரவேற்பா! பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத அம்மா ஒருவர், "தைரியமா இறங்கிட்டீங்க, பாராட்டணும்," என்றார். கூடத்து முதலாளி கையில் பல் செட்டோடு வந்து நின்றார்.

"சொல்லவே இல்லையே நீங்க! சின்னம் என்ன?"

அட்டைப்பெட்டி மேலே வரைந்திருக்கிறேனே, அதைக் கேட்கிறார் என்று நினைத்து, "துணிக் கிளிப் சார்," என்றேன்.

யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். "நல்ல சின்னம். வீட்டுக்கு வீடு இருக்கும்."

சந்தோஷத்தில் இரண்டு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாய் ஒட்டி, பிறகு பிரித்து ஒட்டினேன்.

மார்ச் 13, வெள்ளி

ஐயோ. ஐயோ. எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வேன்!

அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே கேட்டார், "நீ தேர்தல்ல நிக்கிறியா?"

தலைமை ஆசிரியர் கூப்பிட்டாராம். "உங்க வீட்டம்மா சுயேச்சையா நிக்கிறாங்களாமே. வேட்பாளர் வீட்டுக்காரருக்கு எப்படி சார் தேர்தல் பணி கொடுக்கிறது?" கொடி என்றால் துணிக்கொடி என்று எனக்குத் தெரியும். ஊருக்கு? அதுவும் இந்த மாதத்தில்? எனக்கு உறைக்கவே இல்லையே, அடி மண்டு.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதினார்: 'என் மனைவி எத்தேர்தலிலும் நிற்கவில்லை. அவர் நிற்பது துணி உலர்த்த மொட்டைமாடியில் மட்டுமே.' கடைசி வரியை அடிக்கச் சொன்னேன். மாட்டேன் என்கிறார்.

தெருவில் ஒட்டிய நோட்டீஸைக் கிழிக்கப் போனேன். ஒன்றுகூட இல்லை. இருபதையும் யாரோ பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறார்கள். யார் வரப்போகிறார்கள் ஞாயிற்றுக்கிழமை? ஒருவரும் வரமாட்டார்கள். இந்த வருடமும் அவ்வளவுதான்.

மார்ச் 15, ஞாயிறு

முழுசாக எழுதிவிட வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். ஜெராக்ஸ் அக்கா. கூடவே ஆட்டோவில் மைக் கட்டிப் பிரசாரம் செய்பவர். அவரை எல்லாரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொண்டை கட்டி, பாவம், காற்றுதான் வருகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே பிளம்பர், அவர் மச்சானோடு. மஞ்சளும் நீலமும் என் வரவேற்பறையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். வேறொன்றுமில்லை. நாளைதான் வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளாம். என்னை வாபஸ் வாங்கச் சொல்லி, ஆதரவும் கேட்டுவிட்டுப் போக இரண்டு கட்சியும் வந்திருக்கின்றன.

"அய்யோ, நான் நிக்கவே..." என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"உனக்கு எத்தனை பேர் வேணும்?"

அடடா!

அவர் வெளியே போய், அதிகாரி தோரணையில், "பேசறதுக்கு முன்னாடி எல்லாரும் இதை ஒரு தடவை ஆடி முடிக்கணும். இங்க அதான் முறை," என்றார். கட்சிக்காரர்கள் முறை என்று சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். என்னிடம் ஒரு மரக் கிளிப்பைக் கொடுத்து, "உதட்டுல வச்சுக்கோ. எடுத்தா ஆட்டம் செல்லாது," என்றார்.

அக்கா விதிப்புத்தகத்தை உரக்கப் படித்தார். 'துண்டு போடுதல்' என்ற விதி வந்தது. கொடியில் ஒரு துண்டைப் போட்டு அடுத்த சுற்றுக்கு இடம் பிடித்து வைக்கலாம். பிளம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நமக்குத் தெரிஞ்ச வேலைதான்." அவர் மச்சான், "அதானே," என்றார். அவர் அதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மழை அட்டை வந்தது. அக்கா படித்தார்: "மழை வந்தால் அனைவரும் உடனே கொடியை இறக்கவும்."

பிளம்பர் எழுந்துவிட்டார். "யார் கொடியை யார் இறக்கறது? கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்தறீங்களா?"

நாற்பத்தொரு வட்டம் போட்ட மனுஷன் இதை விட்டுவிட்டாரே! 'துணியை எடுக்கவும்' என்றல்லவா இருந்திருக்க வேண்டும்! சொல்லத் துடிக்கிறது நாக்கு. ஒரே ஒரு வார்த்தை, சொன்னால் தீர்ந்தது, சொன்னால் மூன்று வருடமும் போச்சு. பிளம்பர் கதவுப் பக்கம் திரும்பினார். கிளிப்பைக் கடித்தேன். என் வீட்டுக்காரரோ என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அக்காதான் பேசினார். "உக்காருப்பா. உன் கொடியை இறக்க எங்க கட்சி இருக்கு, அதுக்கு எதுக்கு இந்த அட்டை? இது துணி காயப்போடற கொடி. முதல் பக்கத்துல படமே இருக்கு பார்." மைக் அந்தப் பக்கத்தைத் திருப்பி, காற்றுக் குரலில், "ஜட்டி கூட இருக்கு," என்றார்.

பிளம்பர் படத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

அப்புறம் சாயம் போகும் விதி. பிளம்பருடைய நீலச் சட்டையும் அக்காவின் மஞ்சள் சேலையும் அடுத்தடுத்து இருந்ததால் இரண்டும் பச்சையாகி, இரண்டு பேருக்கும் மதிப்பெண் இல்லை. "கூட்டணி!" என்று அக்கா கத்தினார். "சாயம் வெளுத்துப்போச்சு!" என்றார் பிளம்பர். சிரிப்பில் மேசை குலுங்கி, ஈறு நிறக் கிளிப்புகள் தரையெல்லாம் ஓடின.

எழுபது நிமிடம். ஜெயித்தது மைக். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கிளிப்பை எடுத்தேன். மரத்தில் என் பல்வரிசை அச்சாகப் பதிந்திருக்கிறது, அதை வைத்தே எனக்கு ஒரு செட் செய்யலாம். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நிற்கவில்லை, நின்றதே இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிளம்பர் கடிகாரத்தைப் பார்த்தார். பேரணிக்கு நேரமாகிவிட்டதாம். எல்லாரும் போய்விட்டார்கள்.

ஆடி முடித்தார்கள். நான் பேசவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் "இன்னொரு ஆட்டம்" என்று இன்றும் யாரும் சொல்லவில்லை. கிளிப்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினேன், அவ்வளவுதான்.

மார்ச் 20, வெள்ளி

'துணியை எடுக்கவும்' என்று திருத்தி, விண்ணப்பத்தைக் கொடுத்தாயிற்று. குழாய் சொட்டுகிறது.

மார்ச் 28, சனி

ஏற்றுக்கொண்டார்கள்!! மே மாதம், ஏழாம் எண் மேசை. 'விதிகள் தெளிவாக உள்ளன' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை அவர் மூன்று தடவை வாசித்தார், தனக்கே வந்த பாராட்டு மாதிரி. பொறுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4, சனி

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேகூட எழுதமாட்டேன். அவர் அதிகாரி.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலிருந்தே கீழே வெடியும் கூச்சலும். மஞ்சள் ஜெயித்துவிட்டது, கொஞ்ச வித்தியாசத்தில்.

பதினோரு மணிக்குக் கதவு தட்டினார்கள். பிளம்பர். பையில் கொடி இல்லை, ஸ்குரூ டிரைவர் இருந்தது. நேரே சமையலறைக்குப் போனார். பத்து நிமிடத்தில் சொட்டு நின்றது. அதற்காகவா இத்தனை நாள்!

"தோத்துட்டோம் மேடம்."

"கேள்விப்பட்டேன். வருத்தமாத்தான் இருக்கும்."

கை கழுவினார், துடைத்தார். போகாமல் நின்றார்.

"கொடி இருக்கா மேடம்?"

"மொட்டைமாடியில கட்டியிருந்த உங்க கட்சிக் கொடியையா கேக்கறீங்க? நேத்தே கழட்டிட்டாங்களே."

"அது இல்ல. உங்க கொடி." கழுத்தைச் சொறிந்தார். "அன்னிக்கு நடுவுல ஒரு வெள்ளைப் போர்வையைப் போட்டிருந்தா சாயமே ஒட்டியிருக்காது. நான் ஜெயிச்சிருப்பேன். நாலு வாரமா, மேடையில உக்காந்திருக்கும்போதுகூட மண்டையில இதேதான் ஓடுது. இன்னொரு ஆட்டம் போடலாமா?"

பதினோரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. உதட்டில் கிளிப்கூட இல்லை. என் வீட்டுக்காரர்தான் அறையிலிருந்து, "போடலாம்னு சொல்லேன்!" என்றார். தலையைத் தலையை ஆட்டினேன்.

பிளம்பர் ஜன்னலைத் திறந்து கீழே கத்தினார். "அக்கா! கொண்டாட்டம் எல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், மேல வா! ஆள் குறையுது!"

அக்கா இனிப்பு டப்பாவோடு ஏறி வந்தார், தலையெல்லாம் மஞ்சள் காகிதத் துணுக்கு. டப்பாவைப் பிளம்பரிடம்தான் முதலில் நீட்டினார். அவர் முறைத்துவிட்டு, இரண்டாக எடுத்துக்கொண்டார்.

இப்போது நடப்பது மூன்றாவது ஆட்டம். மூன்றாவது வீடு என் வீட்டுக்காரர், நான்காவது நான். பிளம்பர் இன்னும் ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை, எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறார். அவர் யோசித்து முடிப்பதற்குள் இவ்வளவு எழுதிவிட்டேன். அக்கா மேசையைத் தட்டுகிறார், என் முறையாம்.